கிரிக்கெட் பந்துக்குள்ளே என்ன இருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் சனி, ஞாயிறு காலைகளில் பசங்களுக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிறேன். கூட வரும் அப்பா அம்மாக்கள், ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கமிருந்து மேட்ச் ஆட வரும் டீம்காரர்கள் எல்லாரும் வருஷா வருஷம் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கிரிக்கெட் பேட் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூடப் பந்தை ஒரு சிவப்பு உருண்டையாகத்தான் பார்க்கிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

அண்ணா, கார்க் பாலும் ஸ்டிட்ச் பாலும் ஒண்ணுதானே?

இல்லை. நம்ம பக்கம் கெட்டியான சிவப்புப் பந்து எதுவாக இருந்தாலும் கார்க் பால் என்று சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடையில் கார்க் பால் என்று கேட்டால் கிடைப்பது கார்க் தூளையும் ரப்பரையும் கலந்து அச்சில் அழுத்தி, மேலே பெயிண்ட் அடித்த பந்து. தோல் கிடையாது. தையல் மாதிரி தெரிவதுகூட அச்சிலேயே விழுந்த வரிதான்.

ஸ்டிட்ச் பால், லெதர் பால் என்று சொல்வதுதான் டிவியில் பார்க்கும் பந்து. அதற்குள்ளும் கார்க் இருக்கிறது, ஆனால் அது நடுவில் மட்டும். சுற்றிக் கம்பளி நூல், அதற்கு மேல் தோல், தோலைச் சேர்க்கும் தையல். கார்க் பாலில் வருஷக்கணக்காகப் போட்டுப் பழகிய பையன் முதல் தடவை ஸ்டிட்ச் பாலைப் பிடித்ததும் விரலைத் தையல்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பான், அதுவரை அவன் விரலுக்குப் பிடிப்பு என்று ஒன்று கிடைத்ததே இல்லை.

உள்ள என்னதான் இருக்கு? ரப்பரா, மரமா, நூலா?

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று, மேட்ச் முடிந்த பழைய பந்து ஒன்றை மொட்டை மாடியில் வைத்து ஹேக்ஸா பிளேடால் பாதியாக அறுத்துக் காட்டினேன். தோலில் பிளேடு வழுக்கியது, நூலில் சிக்கிச் சிக்கி நின்றது, நடுவுக்கு வந்ததும் சரசரவென்று இறங்கிவிட்டது. இரண்டு பாதியையும் பிரித்தால் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வளையம் வளையமாக இருந்தது: ஓரத்தில் சில மில்லிமீட்டர் தோல், மேலே மட்டும் சிவப்பு, உள்ளே வெளுப்பு. அதை அடுத்து இறுக்கமாகச் சுற்றிய நூல், நடுநடுவே மெல்லிய கார்க் அடுக்கு, ஒரு வழியாக மையத்தில் பழுப்பான கார்க் உருண்டை.

நல்ல பந்தில் இந்த நூலைச் சும்மா சுற்றுவதில்லை. ஈரமாக, இழுத்துப் பிடித்துச் சுற்றுவார்கள், காயும்போது அது சுருங்கி இன்னும் இறுகும். மலிவான பந்தையும் அதே நாளில் அறுத்தேன். அதில் நூலே இல்லை, கார்க்கும் ரப்பரும் கலந்து அழுத்திய ஒரே கட்டி, மேலே தோல். கிட்டத்தட்ட முதல் கேள்வியில் சொன்ன கார்க் பாலுக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி.

கார்க் எதுக்கு? முழுசா ரப்பரே வச்சா போதாதா?

முழு ரப்பர் என்றால் கனமும் கூடும், எகிறலும் கூடும், ஸ்டம்பர் பால் ஆடியவர்களுக்கு அது தெரியும். கார்க் என்பது கார்க் ஓக் என்ற மரத்தின் பட்டை. அதிகமாக விளைவது போர்ச்சுகலில். மரத்தை வெட்டமாட்டார்கள், பட்டையை மட்டும் உரிப்பார்கள். மரம் வளர்ந்து முதல் பட்டை எடுக்கவே சுமார் 25 வருஷம் ஆகும், அதற்குப் பிறகு 9 வருஷத்துக்கு ஒரு தடவைதான் உரிக்கலாம். அந்தப் பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள், எல்லாவற்றிலும் காற்று. அதனால்தான் லேசாக இருக்கிறது, அமுக்கினால் திரும்ப எழும்புகிறது, தண்ணீரும் சுலபத்தில் ஏறாது.

பேட் ஓங்கி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் பந்து ஒரு நொடியில் சின்னப் பங்கு நேரத்துக்குத் தட்டையாகி மறுபடி உருண்டையாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது இந்தக் கார்க்கும் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் நூலும்தான்.

எந்தத் தோல் சார் அது? பெரியமேட்டுல இவ்ளோ தோல் கடை இருக்கே, அதை வாங்கி நாமளே தைக்க முடியாதா?

பெரியமேடு தோல் மண்டிக்காரர் ஒருவரின் மகனே கேட்ட கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பந்துக்குப் போடுவது மாட்டுத் தோல். ஆனால் எந்த மாடு என்பதைவிட எப்படிப் பதனிட்டது என்பதுதான் முக்கியம். நம்ம ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், அது பழுப்பாக வரும். இன்றைக்கு ஷூவுக்குப் போகும் தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது, நல்ல மிருதுவாக இருக்கும். பந்துத் தோல் இரண்டும் இல்லை, அது படிகாரத்தில் பதனிட்டது. கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவோமே, சலூனில் ஷேவ் செய்ததும் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான்.

படிகாரத்தில் போட்ட தோல் வெள்ளையாக, விறைப்பாக வரும். வெள்ளையாக இருப்பதால் சாயம் பளிச்சென்று ஏறும், விறைப்பாக இருப்பதால் அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணம் மாதிரி வளைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். ஷூ தோலில் தைத்தால் பந்து மாதிரி தெரியும், நாலு ஓவரில் தோல் இழுபட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும். படிகாரத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு, அதை மழைக் கேள்வியில் சொல்கிறேன்.

கடைக்காரர் டூ பீஸா ஃபோர் பீஸான்னு கேக்குறார், என்ன சொல்லணும்?

தோல் எத்தனை துண்டு என்று கேட்கிறார். டூ பீஸ் என்றால் இரண்டே வட்டத் துண்டுகள், ஒவ்வொன்றையும் அழுத்தி அரைக்கோளமாக்கிச் சேர்ப்பது. ஃபோர் பீஸில் ஒவ்வொரு அரைக்கோளமும் இரண்டு துண்டு. அந்த இரண்டையும் உள்பக்கமாகத் தைத்துத் திருப்பிப் போடுவார்கள், அதனால் வெளியே நூல் தெரியாது, மெல்லிய கோடு மட்டும் தெரியும். பந்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கத்துக் கோடும் மறுபக்கத்துக் கோடும் ஒரே நேர்கோட்டில் இருக்காது, ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்.

தோல் தட்டையான பொருள். அதை ஒரே துண்டாக அரைக்கோளமாக்கினால் எங்கோ இழுபடும், எங்கோ சுருங்கும். நாலு துண்டாக வெட்டினால் இழுபடுவது குறையும், உருண்டை நிலைக்கும். சர்வதேச மேட்ச் எல்லாம் ஃபோர் பீஸ்தான். வலைப் பயிற்சிக்கு டூ பீஸ் போதும், மேட்சுக்கு ஃபோர் பீஸ் வாங்குங்கள்.

தையல் கையால போடறதா, மெஷின்ல போடறதா?

இரண்டும் உண்டு. பந்தின் நடுவே மொத்தம் ஆறு வரிசைத் தையல், ஒவ்வொரு வரிசையிலும் சுமாராக 60 முதல் 80 தையல்கள். இந்தியாவில் டெஸ்ட் மேட்ச் ஆடும் எஸ்ஜி பந்து உத்தரப் பிரதேசத்து மீரட்டில் செய்வது, அதில் ஆறு வரிசையும் கைத்தையல். இங்கிலாந்திலும் வெஸ்ட் இண்டீஸிலும் ஆடும் டியூக்ஸ் பந்தும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா பந்தில் இரண்டு பாதியையும் சேர்க்கும் நடு இரண்டு வரிசைதான் கைத்தையல், வெளி நாலு வரிசை மெஷின்.

கையால் இழுத்துத் தைத்த நூல் மேடாக நிற்கும், சீக்கிரம் அமுங்காது. மெஷின் தையல் தோலின் மேற்புறத்தோடு நின்றுவிடுவதால் கொஞ்ச ஓவரிலேயே படுத்துவிடும். கூக்கபுரா பந்து 20 ஓவருக்குமேல் பேட்ஸ்மேனுக்குச் சாதகம் என்று கமெண்டரியில் சொல்வதற்கு இதுதான் காரணம். தைக்கிறவர் பந்தை இடுக்கியில் பிடித்துவைத்து, ஊசியால் துளை போட்டு, இரண்டு பக்கமிருந்தும் நூலைக் கோத்து, தோள் அசைய இழுப்பார். அந்த இழுப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது பெரிய வித்தையாகத்தான் தெரிகிறது.

வெயிட் எவ்ளோ இருக்கணும்? என் பொண்ணுக்கும் அதே பால் வாங்கலாமா சார்?

வாங்காதீர்கள்மா. ஆண்கள் பந்து 155.9 கிராமிலிருந்து 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், சுற்றளவு 21 முதல் 22.5 செ.மீ. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, பையனோ பொண்ணோ, 133 முதல் 144 கிராம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் பத்து வயதுக் கையில் சுழற்பந்து பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், பெரிய பந்தில் விரல் எட்டவே எட்டாது. விரல் எட்டாத பிள்ளை உள்ளங்கையில் வைத்துப் போடப் பழகும், அந்தப் பழக்கத்தை அப்புறம் மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வெள்ளை பால், பிங்க் பால் எல்லாம் வெறும் பெயிண்ட்தானே, உள்ள ஒண்ணுதானே?

உள்ளே ஒன்றுதான். ஆனால் மேலே இருப்பதை வெறும் பெயிண்ட் என்று விட்டுவிட முடியாது. சிவப்புப் பந்தில் தோலின் மேல்பக்கத்திலேயே சாயம் ஊறி ஏறியிருக்கும், அதற்கு மேலே மெழுகு. ஆட ஆடக் கருத்துக்கொண்டே போகும், அது பரவாயில்லை. வெள்ளைப் பந்து அழுக்கானால் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, அதனால் நிறம் நிற்க மேலே ஒரு பூச்சு அதிகம். 1977-ல் ஆஸ்திரேலிய டிவி முதலாளி கெர்ரி பேக்கர் நடத்திய உலக சீரிஸ் மேட்சுகளில்தான் இது பெரிய அளவில் வந்தது, 1992 உலகக் கோப்பை முழுக்க வெள்ளைப் பந்து.

டெஸ்டில் வெள்ளை உடை போட்டு ஆடுவதால் வெள்ளைப் பந்து ஆகாது. ராத்திரியில் சிவப்பும் தெரியாது. அதனால் பிங்க். முதல் பகலிரவு டெஸ்ட் 2015 நவம்பரில் அடிலெய்டில், இந்தியா ஆடிய முதலாவது 2019 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் பங்களாதேஷுடன். பிங்க் நிறம் 80 ஓவர் நிற்க வேண்டும் என்பதால் பூச்சு இன்னும் அழுத்தம், அதனால்தான் புதுப் பந்து அவ்வளவு பளபளவென்று வழுக்கிக்கொண்டு வருகிறது.

பேண்ட்ல இருக்கிற செவப்புக் கறை எத்தனை தடவை துவைச்சாலும் போகலையே?

பந்தைத் தொடையில் தேய்க்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாம் இதே புலம்பல்தான். கறை சாயம் மட்டும் இல்லை, சாயமும் மெழுகும் சேர்ந்தது. மெழுகு இருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. மேட்ச் முடிந்த அன்றைக்கே கறைமேல் கட்டி சோப்பு நன்றாகத் தேய்த்து ஊறவைத்துக் கசக்குங்கள், பெரும்பகுதி போய்விடும். ஒரு வாரம் பையிலேயே கிடந்த பேண்ட் என்றால் கஷ்டம்தான்.

ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்க்கிறாங்க? எச்சில் தொடலாமா கூடாதா?

ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், இரண்டு பக்கத்திலும் காற்று ஒட்டிப் போகும் விதம் மாறும், பந்து காற்றிலேயே வளையும், அதைத்தான் ஸ்விங் என்கிறோம். சாய்த்துப் பிடித்த தையலும் அதே வேலையைச் செய்கிறது: தையல் இருக்கும் பக்கம் காற்று கலங்கிப்போய் பந்தை நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டு வரும், மறுபக்கம் சீக்கிரம் பிரிந்துவிடும், அதனால் பந்து தையல் காட்டும் பக்கம் போகும். தோலும் தையலும் இல்லாத கார்க் பாலில் ஸ்விங் எதிர்பார்க்க முடியாததும் இதனால்தான்.

வியர்வை தேய்க்கலாம். எச்சில் கூடாது. கொரோனா நேரத்தில் 2020-ல் தற்காலிகமாக வந்த தடை, 2022 அக்டோபரிலிருந்து சர்வதேச ஆட்டங்களில் நிரந்தரம். ஐபிஎல்லில் மட்டும் 2025-ல் தடையை எடுத்துவிட்டார்கள், அதைப் பார்த்துவிட்டு நம்ம பசங்களும் ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் ஆடும் போட்டியின் விதி எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தையலை நகத்தால லேசா தூக்கிவிட்டா யாருக்குத் தெரியப்போகுது?

அம்பயருக்குத் தெரியும். பந்தின் நிலையைச் செயற்கையாக மாற்றினால் எதிரணிக்கு 5 ரன், பந்தையும் மாற்றலாம். வியர்வை தொட்டுத் துணியில் தேய்க்கலாம், அம்பயர் பார்க்க மண்ணைத் துடைக்கலாம், ஈரத்தைத் துண்டால் ஒற்றலாம், அவ்வளவுதான் அனுமதி. 2018-ல் கேப் டவுனில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததற்கு ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்தும் டேவிட் வார்னரும் ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்தார்கள். என் பசங்களில் யாராவது நகம் வைத்தால் அன்றைக்குப் பந்தே கையில் கிடைக்காது.

காசிமேட்டுப் பக்கம் கடல் காத்துல பால் நல்லா ஸ்விங் ஆகுதே, ஈரக் காத்து கனமா இருக்கறதாலயா?

ஈரக் காற்று கனம் இல்லை. நீராவி கலந்த காற்று அதே சூட்டில் இருக்கும் காய்ந்த காற்றைவிடச் சற்று லேசானது. அதனால் அந்தக் காரணம் நிற்காது. ஆனால் நீங்கள் பார்த்தது பொய்யும் இல்லை. மத்தியானம் கடல் காற்று கிழக்கிலிருந்து ஏறி வரும்போது, எந்த முனையிலிருந்து போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தக் காற்றே பந்தைத் தள்ளும். முனை மாற்றிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

மழையில நனைஞ்ச பாலை வெயில்ல காயவச்சா சரியாயிடுமா?

ஆகாது, இதுதான் படிகாரத்தின் பலவீனம். ஆவாரம் பட்டையும் குரோமியமும் தோலோடு ஒட்டிக்கொள்ளும், படிகாரம் அப்படி இறுகப் பிடிக்காது, தண்ணீரில் ஊறினால் கரைந்து வெளியேறும். காய்ந்தபிறகு தோல் மரப்பட்டை மாதிரி ஆகி வெடிக்கும். உள்ளே கம்பளி நூலும் தண்ணீர் குடித்து ஊதியிருக்கும், பந்தின் கனமும் வடிவமும் மாறிவிடும். கார்க் மட்டும்தான் ஓரளவு தப்பிக்கும்.

நனைந்த உடனே துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில், நிழலில் வையுங்கள். வெயில், அடுப்படி, ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். அப்படிக் காய்ந்த பந்தையும் வலைப் பயிற்சிக்குத்தான் வைத்துக்கொள்ளலாம், மேட்சுக்கு ஆகாது.

டிவியில 80 ஓவர் தாங்குது, எங்களுது 15 ஓவர்ல பிஞ்சிடுதே?

முதல் காரணம் தரை. அங்கே புல், இங்கே சல்லியும் சிமெண்ட் பிட்சும். பவுண்டரிக்குப் போய்ச் சுவரில் மோதித் திரும்பும் ஒவ்வொரு பந்தும் தோலைக் கிழித்துக்கொண்டுதான் வருகிறது. டிவியிலும் ஒருநாள் போட்டியில் 2011-லிருந்து இரண்டு முனைக்கு இரண்டு புதுப் பந்து கொடுக்கிறார்கள், வெள்ளைப் பந்து 50 ஓவர் நிறம் தாங்காது என்பதால். 2025-லிருந்து 34 ஓவருக்குப் பிறகு அதில் ஒன்றை மட்டும் வைத்து ஆடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் வாங்கும் பந்து. ஒரு தடவை பைனல் மேட்சுக்கு என்று கடையில் சொல்லி, ஃபோர் பீஸ் என்று எழுதியிருந்த பெட்டியைப் பிரிக்காமலே வாங்கி வந்தேன். பன்னிரண்டாவது ஓவரில் பந்து முட்டை மாதிரி ஆகிவிட்டது. அறுத்துப் பார்த்தால் இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே ஒற்றைக் கட்டி, மேலே இருந்த குறுக்குக் கோடுகூடத் தையல் இல்லை, தோல்மேல் அழுத்திய கோடு. இருபத்திரண்டு பசங்க காசு போட்டு வாங்கிய பந்து அது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்ப கடையில எப்படிப் பார்த்து வாங்கறது?

பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் நாலு இடத்தில் அழுத்துங்கள், எங்கேயும் அமுங்கக்கூடாது. ஃபோர் பீஸ் என்றால் குறுக்குக் கோட்டின்மேல் நகத்தை ஓட்டுங்கள், உண்மையான இணைப்பு என்றால் நகம் லேசாக மாட்டும். கண்ணாடி மேஜைமேல் தையல் நேராக நிற்க உருட்டிவிடுங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் உள்ளே கார்க் நடுவில் இல்லை. எடையைப் பக்கத்து மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் போடலாம், சுற்றளவுக்கு ஒரு நூலும் ஸ்கேலும் போதும். பெரிய மேட்சில் அம்பயர்களிடம் இரண்டு வளையம் இருக்கும், பந்து ஒன்றில் நுழைய வேண்டும், இன்னொன்றில் நுழையக் கூடாது. அதே சோதனைதான்.

தெருவுல ஸ்டிட்ச் பால் ஆடினா என்ன ஆயிடும்? மெதுவாதானே போடறோம்.

ஆடாதீர்கள். 160 கிராம் கெட்டிப் பொருள் அது, ஹெல்மெட், கால் பேடு, கார்டு எல்லாம் போட்டு ஆடுவதற்காகச் செய்தது. 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட்டோடு ஆடும்போதே கழுத்தில் பந்து பட்டு இரண்டு நாளில் இறந்துபோனார். நம்ம தெருவில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு ஹெல்மெட் யார் கொடுப்பது? தெருவுக்கு டென்னிஸ் பால்தான்.

ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஆனா ரெண்டு பாலும் வேற வேற மாதிரி போகுதே, ஏன் அண்ணா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கேட்டவன் பதினான்கு வயதுப் பையன், விரலில் உணர்ந்துதான் கேட்டிருக்கிறான். ஒரு மாட்டுத் தோலிலேயே முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். நல்ல பந்துக்கு முதுகுப் பக்கம்தான், அதிலும் நாலு துண்டும் ஒரே தடிமனாகப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். அப்படியும் இரண்டு மாடு ஒரே மாதிரி இருக்காது, கார்க் பட்டையும் இருக்காது, காலையில் தைத்தவரின் கையும் சாயங்காலம் தைத்த கையும் ஒன்றாக இருக்காது. எடையே 155.9 முதல் 163 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. கிட்டத்தட்ட ஏழு கிராம்.

அதனால் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னால் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு வராதே. இரண்டு கையிலும் ஒவ்வொன்று வைத்துக் கண்ணை மூடிக்கொள். எதன் தையல் மேடாகத் தெரிகிறதோ, எது கைக்குள் சின்னதாக அடங்குகிறதோ, அதை வேகப்பந்து போடுகிறவன் கேட்பான். அவனிடம் கொடுத்து, இன்னொரு தடவை அவனையும் கண்ணை மூடிப் பார்க்கச் சொல்.